ஏழாம் மேசையின் நாற்பது கட்டுகள்

எல்லை மறுவரையறையில் மூன்று துண்டாகிப்போன பழைய நகர்த் தொகுதி, ஒன்பது நாடாளுமன்றத் தேர்தல்களைக் கண்டது. அவற்றின் முடிவுகளைச் சிறு நூலாகத் தொகுக்கும் வேலை தேர்தல் அலுவலகத்து ஆவண எழுத்தரின் தலையில் விழுந்தது. கூட்டிக் கழித்துப் பார்ப்பதென்றால் அவளுக்குச் சாப்பாடே மறந்துவிடும். எட்டுத் தேர்தல்களை மளமளவென்று முடித்தாள். ஆறாவது மட்டும் இடறியது.

அதில் வெற்றி வித்தியாசம் பத்தொன்பது ஓட்டு. தோற்றவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அன்றிலிருந்து அவருக்கு ஊரில் பெயரே 'பத்தொன்பது'தான்.

அந்தக் காலத்து வாக்குச்சீட்டு எண்ணிக்கை இப்படி: சுற்றுக்கு ஒரு மேசைக்கு ஆயிரம் சீட்டு, இருபத்தைந்து இருபத்தைந்தாக நாற்பது கட்டு வரும். அவிழ்த்து, வேட்பாளர் வாரியாகப் பிரித்து, மறுபடி இருபத்தைந்தாகக் கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் கடைசியில் சில உதிரிகள் மிஞ்சும். அதனால் எந்த மேசைத் தாளிலும் எண்கள் கரடுமுரடாக இருக்கும்: 437, 361, 180, செல்லாதவை 22.

ஏழாம் மேசையின் கடைசிச் சுற்றில் மட்டும் 425, 375, 175, 25. ஓர் உதிரிகூட இல்லை. அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தற்செயலாக இப்படி அமைய, பதினைந்தாயிரம் தாள்களில் ஒன்றுக்குத்தான் வாய்ப்பு. வித்தியாசமோ வெறும் பத்தொன்பது.

தாளின் அடியில் மேற்பார்வையாளரின் கையெழுத்து, வால் நீண்டு சுழித்திருந்தது. அதை அவள் தன் பள்ளி மதிப்பெண் அட்டையிலேயே பார்த்திருக்கிறாள். அப்பா ஊரில் இல்லாதபோதெல்லாம் போட்டது அண்ணன்தான்.

திங்கட்கிழமை நூல் அச்சுக்குப் போகிறது. ஞாயிறு பிற்பகல் அந்தத் தாளின் நகலோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நகலைப் பார்த்ததும், அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதுவே அவளுக்கு உறுத்தியது.

"பக்கத்து டேபிளோட உதிரியை மாத்திக்கிட்டோம். இதுல என்ன இருக்கு? எட்டாம் டேபிள் உங்க அண்ணிதானே."

இருவரும் அங்கேதான் பழகினார்கள் என்பது குடும்பத்துக்கே தெரிந்த கதை. ஆனாலும் அவள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய், எண்ணிக்கை நாளன்று அண்ணன் உங்கள் மேசைப் பக்கம் வந்து சீட்டு கேட்டாரா என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தாள்.

அண்ணி சிரித்தாள். "வந்தாரு, பேனா கேட்டு. சீட்டு டேபிள் தாண்டிப் போனா என் வேலை போயிருக்கும். உங்க அண்ணனுக்கு அன்னிக்குப் பேனா மேல மட்டும்தான் கண்ணா இருந்துச்சுன்னு நினைக்கிறே?"

அவள் திரும்பி வந்து அண்ணன் எதிரே உட்கார்ந்தாள். அடுப்படிப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. 

பிறகு மெதுவாகச் சொன்னார். வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் அவசரப்படுத்தினார்கள், அவருக்கும் எப்போது எழுந்து எட்டாம் மேசைக்குப் போவோம் என்றிருந்தது. உதிரிகளை எண்ணவில்லை. ஏறக்குறைய நிறைந்ததைக் கட்டாக்கினார், ரொம்பக் குறைந்ததை மற்றதில் செருகினார். நாற்பது கட்டு வந்தது, நாற்பது கட்டு போனது. மேலே இருந்தவர்கள் கட்டைத்தான் எண்ணினார்கள்.

"யார் பக்கம் எத்தனை போச்சுண்ணா?"

"தெரியலை. சத்தியமா தெரியலை. சீட்டையெல்லாம் அப்பவே எரிச்சாச்சு. என் பேரை விட்டுடும்மா."

ஒருவருக்குப் பன்னிரண்டு குறைந்து இன்னொருவருக்கு ஏழு கூடினாலே பத்தொன்பது. அண்ணன் ஏன் கண்ணாடி வாங்க ஊரின் மறுகோடிக்குப் போகிறார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆறாம் தேர்தலின் கீழே அடிக்குறிப்பு எழுதினாள்: கடைசிச் சுற்றில் ஏழாம் மேசையில் உதிரிகள் எண்ணப்படவில்லை, வெற்றி வித்தியாசம் உறுதியானதல்ல, தகவல் தந்தவர் அந்த மேசையின் மேற்பார்வையாளர், இந்நூலைத் தொகுத்தவரின் அண்ணன்.

நூல் அச்சாகி வந்த அன்று முதல் நகலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைப் படியேறினாள்.