பின் சீட்டின் எடை

என் வீட்டுக்காரர் பைக்கில் எதையாவது மாற்றினால் அன்று எனக்கு வகுப்பு உண்டு. சீட்டுக்குள் புது ஃபோம் வைத்த அன்று, நான் துணி மடித்து முடிக்கும்வரை ஃபோமைப் பற்றியே பேசினார். அடுத்து டயர். கைப்பிடிக்குப் புது உறை போட்டதும் என் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு ஆசையாகக் கையைப் பிடித்ததில்லை.

எல்லாம் என் முதுகுக்காகத்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். போன வருடம் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து ஒவ்வொரு வேகத்தடையும் எனக்கு எமன். ஆபீசுக்கு பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஓயாத டிவி. நானும் அவரும் பேசிக்கொள்வதே பைக்கில்தான். பேச்சு என்ன, நான் காதருகே கத்துவேன், அவர் ஹெல்மெட்டை ஆட்டுவார். அதை இழக்க எனக்கு மனசே இல்லை.

கடைசியாகப் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றினார். அதன் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்குவது என்பது உட்காரும் ஆளைப் பொறுத்ததாம். "பின்னாடி உக்கார்றவங்க என்ன வெயிட்டு இருப்பாங்கண்ணே?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஐம்பத்தஞ்சு இருக்கும்" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

நான் கடை வாசலில்தான் நின்றிருந்தேன். ஐம்பத்தைந்து என்பது எங்கள் கல்யாண போட்டோவில் இருக்கும் பெண்ணின் எடை. நான் மறுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேனா? அவர் கண்ணுக்கு இன்னும் அப்படித்தான் தெரிகிறேன் போலிருக்கிறது என்று உச்சி குளிர்ந்துபோய் நின்றேன்.

மறுநாள் முதல் வேகத்தடையிலேயே ஸ்பிரிங் அடிவரை அமுங்கி டங்கென்று இடித்தது. உயிர் போய் வந்தது.

"எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் என்னால் பைக்கை விட்டு இறங்கவே முடியவில்லை. "திங்கக்கிழமையில இருந்து பஸ்ல போயிக்கிறேங்க" என்றேன். அவர் முகம் செத்துப்போனது. சாயங்காலம் என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போய், "இந்த ஷாக் சரியில்ல, மாத்திக் குடுங்க" என்று சண்டைக்கு நின்றார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "சாமான் நல்லாத்தான் இருக்குண்ணே. நீங்க சொன்ன வெயிட்டுக்குத்தான் வெச்சேன்."

இவர் டயரைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு மெக்கானிக்கைத் தனியே கூப்பிட்டு உண்மையான கணக்கைச் சொன்னேன். எவ்வளவு என்று உங்களுக்கு எதற்கு? அந்த நல்ல மனிதர் சிரிக்காமல் ஸ்பானரை எடுத்து, நிறைய நேரம் திருகினார்.

திரும்பும்போது வேகத்தடை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"ஏங்க, நெஜமாவே ஐம்பத்தஞ்சுன்னு நினைச்சீங்களா?"

"இத்தனை வருஷமா உன்னைப் பின்னாடி வெச்சு பிரேக் போடுறேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தியே."

முதுகில் ஒன்று வைத்தேன். வலிக்காமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் தனியாக மளிகைக் கடைக்குப் போனவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருவருக்காக இறுக்கிய ஸ்பிரிங், ஒற்றை ஆளைத் தூக்கித் தூக்கிப் போட்டிருக்கிறது.

"கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்களேன்" என்றேன், மனசு கேட்காமல்.

"வேணாம், அப்படியே இருக்கட்டும். உப்பு வாங்க மறந்துட்டேன், நீயும் வா."

மாமியார் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். "ஒரு பாக்கெட் உப்புக்கு ரெண்டு பேராடா?"

"பைக்குக்கு வெயிட்டு வேணும்மா" என்றார் இவர்.

வேறு நாளாக இருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு ஹெல்மெட்டைத் தேடினேன்.