புகார் சொல்லாத நாள்

லிஃப்ட்காரருக்கு அன்றைய காலை விடிந்ததே வில்லங்கமாகத்தான். மனைவி காலண்டர் தாளைக் கிழித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஊருக்கே கேட்கும்படி படித்தாள்.

“ஜோடி சேராத காலுறை நாள். கொட்டாவிக்கு மரியாதை நாள். புகார் சொல்லாத நாள். அடேயப்பா, ஒரே நாள்ல மூணு!”

லிஃப்ட்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “கடைசியா என்ன சொன்ன?”

“புகார் சொல்லாத நாள். ராத்திரி படுக்கற வரைக்கும் யார்கிட்டயும் எதப் பத்தியும் குறை சொல்லக் கூடாதாம்.”

“வேலை வெட்டி இல்லாதவன் எவனோ உக்காந்து எழுதறான், நீயும் படிக்கற.”

“பாத்தீங்களா, இதுவே புகார்தான்” என்றாள் அவள். 

இந்தக் காலண்டர் சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். வருஷா வருஷம் நோட்டுப் புத்தகக் கடையில் வாங்குவது. தேதிக்குக் கீழே, உலகத்தில் யார் யாரோ அன்றைக்கு எதை எதைக் கொண்டாடுகிறார்கள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். பாதி கிறுக்குத்தனம், பாதி கண்ணைத் துடைக்க வைப்பது. மகள் எட்டு வயதில் ஒரு சட்டம் போட்டாள்: தாளில் இருந்தால் வீட்டில் எல்லோரும் செய்தே தீரணும். அப்படித்தான் ஒரு நாள் மூவரும் வாசல் கேட் வரைக்கும் பின்பக்கமாக நடந்தார்கள். ஒரு நாள் தபால்காரருக்கு நன்றி எழுதித் தபாலில் போட்டார்கள்; அதை அவரே கொண்டு வந்து அவரே வாங்கிக்கொண்டு போனார். சுரங்கத்தில் இறந்தவர்களுக்கான நாளில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்கள். மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இப்போது சட்டம் போட்டவள் வீட்டில் இல்லை. சட்டம் மட்டும் இருக்கிறது. அதை ரத்து செய்கிற தைரியம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

அவள் ஏன் இல்லை என்றால், அதற்கு லிஃப்ட்காரர் வாய்தான் காரணம். எட்டு மாதத்துக்கு முன்னால், படிப்பைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு வந்து நின்றாள். “எனக்குப் பிடிக்கலப்பா” என்றாள். மனுஷன் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாரா? “நீ பொறந்ததுலேருந்து உன்னால எனக்கு வந்ததெல்லாம் புகார்தான்” என்றார். நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? மறுநாளே பெட்டியோடு ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். அம்மாவோடு பேசினாள், அப்பாவோடு பேச்சில்லை. எங்கே வேலைக்குச் சேர்ந்தாள் என்று இவரும் கேட்கவில்லை. வீம்பு! வீம்பு சோறு போடுமா, ஐயா?

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக் குழாயில் நிஜமாகவே இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வேலை இடத்திலிருந்து புகார் எண்ணுக்குப் போன் போட்டார்.

“வணக்கம், குடிநீர் புகார் பிரிவு. உங்க புகாரச் சொல்லுங்க.”

மகள் குரல்! “தண்ணி வரல” என்றார்.

அவளுக்கும் அப்பா குரல் தெரிந்துவிட்டது. பிறகு, “எத்தனை நாளா சார்?”

சாராம்! தான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எண்ணை அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு, “சரிதானே சார்?” என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பெண். கடைசியில், எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். “வேற ஏதாவது புகார் இருக்கா சார்?”

“இல்ல” என்று வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் வீட்டுக் குழாய்க்கு ஒரு வியாதி வந்தது. தண்ணீர் கலங்கலாக வருகிறது, வாடை அடிக்கிறது, குழாய் முனகுகிறது. கரகரத் தொண்டைக்காரர் ஒருவர் எடுத்தால் வைத்துவிட்டு மறுபடி போடுவார். மூன்று தடவை ஆள் வந்து திறந்து பார்த்துவிட்டு, “இந்தக் குழாய்க்கு ஒரு குறையும் இல்லீங்க” என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார். விஷயம் தெரிந்த மனைவி சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் மகள் அதே கேள்வியைக் கேட்பாள், லிஃப்ட்காரர் மூச்சை இழுப்பார், ‘இல்ல’ என்று வைத்துவிடுவார்.

போன வாரம் அவள் கூடுதலாக ஒன்று சொன்னாள். “அடுத்த செவ்வாயோட நான் கடிதப் பிரிவுக்கு மாறிடறேன் சார். அங்க போன் கிடையாது. அப்புறம் வேற ஆள்தான் எடுப்பாங்க.”

அந்த அடுத்த செவ்வாய்தான் இன்று. தாள் என்ன சொல்கிறது? புகார் சொல்லாதே என்கிறது. புகார் இல்லாமல் புகார் பிரிவை எப்படிக் கூப்பிடுவது? தாளைக் கசக்கிப் போடலாம்தான். ஆனால் அது அவள் போட்ட சட்டமாயிற்றே!

லிஃப்ட்காரர் வலது காலில் தன் நீல சாக்ஸையும் இடது காலில் மனைவியின் பூப்போட்ட சாக்ஸையும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். வாசலில் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். மனைவி அதற்குக் குனிந்து ஒரு கும்பிடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் எட்டு மாடி அலுவலகம் ஒன்றின் லிஃப்ட்டை நிறுத்திச் சுத்தம் செய்வது அவர் முறை. படியேறுகிறவர்கள் எல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். வாசல் காவலாளி அவர் காலைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, இருட்டுல மாட்டிக்கிட்டு வந்தீங்களா?” என்றார். லிஃப்ட்காரர் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கம்பி வடத்தைத் துடைத்தார், பிரேக்கைப் பார்த்தார், எண்ணெய் விட்டார். விட்ட இடத்திலேயே மறுபடி விட்டார். அடுத்த வாரம் கரகரத் தொண்டைதான் எடுக்கும் என்ற நினைப்பு வந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“வணக்கம், குடிநீர் புகார் பிரிவு. உங்க புகாரச் சொல்லுங்க.”

“புகார் இல்ல” என்றார்.

“அப்ப எதுக்குக் கூப்பிட்டீங்க சார்?”

“இன்னிக்குப் புகார் சொல்லக் கூடாத நாள். தாள்ல போட்டிருக்கு.”

வைத்துவிடுவாளோ என்று பயந்து லிஃப்ட்காரர் வேகவேகமாகப் பேசினார். “அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்ல. பொறந்ததுலேருந்து உன்னால புகார்தான்னு. பொய்ம்மா அது. டீச்சருங்க சொல்லுவாங்க, பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க, நான் கேட்டுட்டு வந்து தனியா சிரிப்பேன். உன்மேல எனக்கு ஒரு புகாரும் இருந்ததில்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. படிப்ப விட்டப்போ, ஏம்மான்னு கேக்காம விட்டது என் தப்பு. மன்னிச்சிரும்மா.”

“சார்...” குரல் ஆடியது. “இங்க பேசறதெல்லாம் பதிவாகுது.”

“ஆகட்டும்.”

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “புகார் வகைன்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. என்னன்னு போடறது?”

“தண்ணி நல்லா வருதுன்னு போடு.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எட்டு மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டதும் லிஃப்ட்காரர் எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பாயிற்று.

“அப்பா” என்றாள் அவள். “கால்ல என்ன போட்டிருக்கீங்க?”

“ஒண்ணு நீலம். ஒண்ணு உங்கம்மாவோட பூப்போட்டது.”

“எனக்கு ஒண்ணு பச்சை, ஒண்ணு கோடு போட்டது.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“அம்மா ரெண்டு காலண்டர் வாங்கினாங்க. ஒண்ணு எங்கிட்ட இருக்கு. காலையில தாளப் பாத்ததும் நீங்க இன்னிக்குக் கூப்பிட மாட்டீங்கன்னு நினைச்சேம்ப்பா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

கள்ளி! இரண்டு பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி காலையில் படித்துக் காட்டினாளே! லிஃப்ட்காரருக்கு மனைவி மேல் கோபம்கூட வரவில்லை.

“லைன்ல ஆளுங்க காத்திருக்காங்கப்பா” என்றாள் மகள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டாள். “வேற ஏதாவது புகார் இருக்கா?”

லிஃப்ட்காரர் மூச்சை இழுத்தார். “ஒண்ணு இருக்கு. எட்டு மாசமா இருக்கு. ஆனா அத இன்னிக்குச் சொல்லக் கூடாது. நாளைக்கு வீட்டுக்கு வா, சொல்றேன்.”

“நாளைக்குத் தாள்ல என்ன போட்டிருக்கோ!”

“பாக்காத” என்றார். “என்ன போட்டிருந்தாலும் வா.”