மேல் ஓரஷ்னாவின் பன்னிரண்டு நாய்கள்

ஊர் மன்றக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘இந்த வருடம் தபால்காரரைப் பதினேழு நாய்கள் கடித்துள்ளன. மேல் ஓரஷ்னாவில் பன்னிரண்டு, கீழ் ஓரஷ்னாவில் ஐந்து. ஆகவே திங்கள் முதல் மேல் ஓரஷ்னாவுக்குத் தபால் வராது. மலையடிவாரப் பெட்டியில் வந்து எடுத்துக்கொள்ளவும்.’

திங்கள்கிழமைதான் எனக்குத் தபாலில் ராணித் தேனீ வருகிறது. ஜூலை வெயிலில் அந்தத் தகரப் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் கிடந்தால் கருவாடுதான். ராணி செத்துப்போன என் பெரிய கூடு ஏற்கெனவே பாதி காலி. இன்னும் ஒரு வாரம் தாங்காது.

விறுவிறுவென்று உள்ளே போனேன். தலைவர் திஹோமிர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தபால்காரன் ராதிஷா, கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டியிருந்தான். தலைவர் வீடு கீழ் ஓரஷ்னாவில். சொல்லவும் வேண்டுமா!

“என்ன தலைவரே, எங்க நாயெல்லாம் ஓநாயா?”

“விதோசவா, பன்னெண்டு பெருசா, அஞ்சு பெருசா? நீயே சொல்லு.”

“மேல மொத்தம் எத்தனை நாய்?”

வெறிநாய் ஊசிப் பட்டியலைப் புரட்டினார். “அறுபது.”

“கீழ?”

“எட்டு.” குரல் இறங்கிவிட்டது.

“அறுபதுல பன்னெண்டு, அதாவது அஞ்சுக்கு ஒண்ணு. உங்க பக்கம் எட்டுல அஞ்சு. பாதிக்கும் மேல! ரெண்டு பக்கமும் நூறு நாய்னு வெச்சுப் பாருங்க. எங்க பக்கம் இருபது கடிக்கும், உங்க பக்கம் அறுபதையும் தாண்டும்.”

“எங்க பக்கம் நாயே கம்மிம்மா...”

“கம்மியா இருந்தும் அஞ்சு கடிச்சிருக்கே, அதைத்தானே சொல்றேன்!”

தலைவர் பட்டியலை மூடி வைத்தார். ராதிஷாதான் குறுக்கே விழுந்தான்.

“கணக்கு சரிதான் அக்கா. ஆனா என் காலுக்கு நூத்துக்கு எத்தனைன்னு தெரியாதே. மேல வந்தா பன்னெண்டு வாய், கீழ போனா அஞ்சு வாய்.”

அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

“மேல அறுபது நாயைத் தாண்டிப் போறேடா, கீழ எட்டுதான். ஒவ்வொரு நாயா எடுத்துப் பாரு. எங்க பக்கம் அஞ்சுல நாலு வாலைத்தான் ஆட்டும்.”

“அவ்வளவு நம்பிக்கைன்னா திங்கக்கிழமை நீங்க முன்னாடி நடங்க.”

தலைவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். “அதான் சரி! விதோசவா முன்னாடி நடக்கட்டும். பன்னெண்டுக்கு மேல ஒண்ணு ஏறாத வரைக்கும் தபால் வரும்.” அதையும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார் மனுஷன்.

திங்கள்கிழமை கையில் தடியோடு முன்னால் நடந்தேன். ஒன்பது வீடு தாண்டியாயிற்று, ஒன்பதிலும் வாலாட்டல்தான். ஒவ்வொரு வாசலிலும் திரும்பி ராதிஷாவை ஒரு பார்வை பார்த்தேன். பத்தாவது மிலுன்கா வீடு. விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டை நாய் பாய்ந்து வந்து, பாவாடையோடு சேர்த்து என் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் நாயே பயந்து ஓடிவிட்டது.

ராதிஷா சுவர் மேல் ஏறி நின்றிருந்தான். தபாலில் வந்த தேனீப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

“ராணி?”

“உயிரோடதான் இருக்கு அக்கா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் கீழே குதித்து, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

“இது இதுவரைக்கும் கடிக்காத நாய். பதிமூணுன்னு எழுதிக்கவா?”

ரத்தம் செருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“எதுக்குடா? அது தபால்காரனைக் கடிச்ச நாய்ங்க பட்டியல். உன்னையா கடிச்சுது?” என்றேன். “பன்னெண்டாவே இருக்கட்டும்.”