சுந்தரபாண்டியத்து வீடு

கனகலட்சுமி செத்துக்கிடந்த தம்பி ஐயாதுரையின் தலைமுடியிலிருந்து ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். தலைமாட்டில் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி, மகன் ராம்குமார். கால்மாட்டில் மாரிச்செல்வியின் அண்ணன் மாரிசாமி, தாலியறுக்கும் தங்கச்சிக்குப் போட வேண்டிய கோடிச் சேலையைக் கடைப் பையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. பந்தலில் முதல் வரிசையில், ராம்குமாருக்குப் பெண் கொடுப்பதாகப் பேசியிருந்த ராஜபாளையம் தனுஷ்கோடி. வாசல் வேப்பமரத்தடியில், யாரும் உட்காரச் சொல்லாத பியூலா. மற்றதெல்லாம் கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு சாவு என்றால் கூட்டத்துக்கா பஞ்சம்? காபி வரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பேண்டேஜ் துணி நெய்து நாலு மாநிலத்துக்கு அனுப்புகிற வீட்டுக்காரன், மேய்ந்து திரும்பிய ஆட்டுக்குட்டி மாதிரி தலையெல்லாம் புல்லோடு வந்து கிடக்கிறானே என்று கனகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிப்பாட்ட வருகிறவர்கள் இதைப் பார்க்கக் கூடாது. பிடுங்கியதையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுபது வயதிலும் அவள் முதுகு வளையாது, குனியாமலே செய்தாள்.

நேற்று அமாவாசை. சுந்தரபாண்டியத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கல் பொட்டல். அங்கேதான் ஐயாதுரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கூட இருந்த பியூலாவும் இன்னும் இரண்டு பேரும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. பால்காரன் மணியடிப்பதற்குள் ஊருக்குள் இது வேறு கதையாகியிருந்தது. ஐயாதுரைக்கு அவனுடைய சுந்தரபாண்டியத்து வீட்டில் வைத்து உயிர் போனதாம். அந்த வீட்டுக்காரியே பிணத்தைக் கொண்டுவந்து இறக்கினாளாம்.

சுந்தரபாண்டியத்து வீடு ஊரார் வாயாலேயே கட்டிய வீடு. அமாவாசைக்கு அமாவாசை அப்பாவுக்குப் படைத்த சோற்றைத் தின்றுவிட்டு ஐயாதுரை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். முதலில் புதையல் என்றார்கள். புதையல் எதுவும் வீட்டுக்கு வந்து சேராததால், பொம்பளை என்றார்கள். ராத்திரி ஒரு ஆம்பளை வெளியே போவதற்கு மூன்றாவதாக ஒரு காரணம் யோசிக்கிற மூளை இந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை.

கனகலட்சுமிக்கு உண்மை தெரியும். அவளைக் கட்டிக்கொடுத்த ராஜபாளையம் வீட்டுக்கு வந்து அவனே சொல்லியிருந்தான்.

“இருட்டான எடமா தேடுதேன்க்கா.”

“என்னலே தேடுத?”

“இருட்டு. இங்கிட்டு மில்லு வெளிச்சம், அங்கிட்டு புத்தூர் வெளிச்சம். வானத்துல பாதி வெள்ளி கண்ணுக்கே தெரியல. தாணிப்பாறைப் பக்கம் பாத்தேன், அமாவாசைக்கு சதுரகிரி போற வண்டி லைட்டு. கம்மாக்கரையில பனி எறங்கி டெலஸ்கோப்பு லென்சு மூடிக்கிடுது. தென்னந்தோப்புக்குள்ள வானமே இல்ல. இப்பத்தான் ஒரு பொட்டல் அம்புட்டிருக்கு. வெள்ளி பாக்குற எங்க ஆளுக எல்லாருக்கும் தோதா இருக்கும்.”

“தெருவுக்குத் தெரு லைட்டு கேட்டு ஊர்க்காரன் மனு குடுக்கான். நீ இருட்டுக்கு அலையுதியாக்கும்? கிறுக்குப் பயலே, வெளிய மூச்சு விட்றாத.”

ஏற்கெனவே குடும்பத்தில் சின்னையா ஒருவர் கோவணத்தோடு கண்மாயைச் சுற்றி வந்து செத்தவர். இன்னொரு கிறுக்கு என்று தெரிந்தால் அந்த வீட்டுக்கு எவன் பெண் கொடுப்பான்? வைப்பு வைத்திருக்கிறான் என்பதற்காக எந்தச் சம்பந்தமும் முறிந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. கணக்கு சரியாக இருந்தது. மாரிச்செல்வியைக் கூப்பிட்டு, “யார் என்ன சொன்னாலும் நீ வாயத் தெறக்கப்புடாது, ஆமா” என்றாள். மாரிச்செல்வியும் திறக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்கள் அவளுக்கு இரக்கப்பட்டு ஒரு முழம் பூ கூடுதலாகக் கொடுத்தார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

குளிப்பாட்டி, மாலை போட்டு, தூக்கப் போகிற நேரத்தில் மாரிசாமி தொண்டையைச் செருமினான். இரவல் காரில் வந்து இறங்கியவன். கோபத்தையும் எங்கேயோ இரவல் வாங்கி வந்திருப்பான் என்று கனகலட்சுமி நினைத்தாள்.

“நான் கோடி போட மாட்டேன்.”

“என்னலே?”

“அந்தப் பொம்பள வாசல்ல நிக்கையில எந்தங்கச்சிக்கு எப்படிக் கோடி போடுவேன்? அவ யாருன்னு சபையில சொல்லுங்க. இல்ல அவள அனுப்புங்க. பொறவு தூக்கலாம்.”

பறை நின்றது. தூக்க வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். பியூலா மரத்தடியிலிருந்து இரண்டு எட்டு முன்னால் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், செருப்பில் இன்னும் பொட்டல் மண் இருந்தது.

“அம்மா, நான் சொல்லிருதேன். கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கேன். சாரும் நாங்களும் வந்து…”

“நீ செத்த சும்மா இரு” என்றாள் கனகலட்சுமி.

தனுஷ்கோடி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு பெரிய மனசோடு சிரித்தார்.

“மாரிசாமி, விடுப்பா. ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் இருப்பான். இத நாங்க பெருசா எடுக்கல. அந்தம்மாவுக்கும் ஒரு சேலை வாங்கிக் குடுத்து அனுப்பிருவோம். சோலி முடிஞ்சது.”

இத்தனை வருஷமாக எந்த வார்த்தைக்காகக் கனகலட்சுமி காத்திருந்தாளோ அதே வார்த்தை. சம்பந்தம் முறியாது. ஆனால் அது தனுஷ்கோடியின் வெற்றிலை வாயிலிருந்து வந்தபோது, எச்சில் தன் மேல் தெறித்த மாதிரி இருந்தது. மாரிச்செல்வி தலையைத் தூக்கினாள்.

“மயினி” என்றாள். கனகலட்சுமியையே பார்த்தாள்.

கனகலட்சுமி எழுந்து நின்றாள்.

“எலே மாரிசாமி, சேலையப் பிரி. எந்தம்பி எந்தப் பொம்பள வீட்டுக்கும் போகல. பொட்டல்ல மல்லாந்து படுத்து வெள்ளி பாத்தான். அமாவாசைக்குப் போனது இருட்டுக்கு. அம்புட்டுத்தான். இந்தம்மாவும் அதே கிறுக்கு. வேற ஒண்ணும் கெடையாது.”

பின்னால் யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான். “வெள்ளி பாக்கவா? அத மொட்ட மாடியில நின்னு பாத்தா ஆகாதாக்கும்?”

“ஒம்ம மாடியில நின்னு பாரும்வே. பத்து வெள்ளி தேறாது. நீரு போட்டுருக்க லைட்டுக்கு விட்டில்பூச்சிதான் தேறும்” என்றாள் கனகலட்சுமி.

சிரிப்பு அடங்கியது. தனுஷ்கோடி மட்டும் உட்காரவில்லை. அவர் முகம் மாறியிருந்தது.

“எத்தன வருசமா இப்படி? வைத்தியம் எதுவும் பாத்தியளா?”

“பாக்கல. அவன் யாரையும் கடிக்கல.”

மாரிசாமி சேலையைப் பிரித்துத் தங்கச்சி தோளில் போட்டான். பறை மறுபடி தொடங்கியது. தனுஷ்கோடி சுடுகாடு வரை வரவில்லை. ராம்குமாருக்குப் பேசியிருந்த பெண்ணைப் பிறகு தென்காசிப் பக்கம் கொடுத்தார்கள்.

பிணம் தெருமுனை திரும்பியதும் பியூலா கனகலட்சுமியிடம் வந்தாள். “அம்மா, அந்தப் பொட்டலக் கண்டுபிடிச்சது சார்தான். நாங்க அதுக்கு ஐயாதுரை பொட்டல்னே பேர் வைக்கலாம்னு…”

“எங்க குடும்பத்துப் பேரைப் பொட்டலுக்கு வைக்காத. போ, குளி. சாவு வீட்டுத் தீட்டு.”

பியூலா போனாள். பெண்கள் வாசலைக் கழுவத் தொடங்கினார்கள்.

அடுத்த அமாவாசை கழிந்ததும் ஊரில் புதுப் பேச்சு ஒன்று கிளம்பியது. கனகலட்சுமியும் அந்தப் பொட்டலுக்குப் போய், தம்பியைப் போலவே கட்டாந்தரையில் மல்லாந்து கிடந்தாளாம், குடும்பத்துக்கே கிறுக்குப் பிடித்துவிட்டதாம்.

சுத்தப் பொய். அவள் தரையில் படுக்கவில்லை. ராம்குமாரிடம் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொல்லி, அதில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் வெள்ளி பார்த்தாள்.