கொக்கின் பின்பாதி

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோப்புப் பிரிவுத் தலைவர் சாப்பாட்டு மேசையருகே எழுந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அறிவித்தார்: "நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள் பழைய கணினித் திரையும் புதிய கணினியும் இணைக்கப்படும். முழுப் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்." அறிவிப்பு என்று வந்துவிட்டால் வீட்டிலும் அவருக்கு எழுத்துத் தமிழ்தான்.

கேட்டவர்கள் இரண்டு பேர். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கை ஒரே ஒரு தடவை கைதட்டினாள்.

"ரிப்பன் வெட்டணுமா அத்தான்? கத்திரி என்கிட்டயே இருக்கு."

மனைவி துணியில் பூவேலை செய்கிறவள். படத்தைக் கணினியில் வரைவாள். பிறகு பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடிமேல் மெல்லிய தாளை ஒட்டி, உள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் பென்சிலால் படியெடுப்பாள். எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கண்ணாடி கோபித்துக்கொண்டதில்லை.

இப்போது கையிலிருப்பது ஒரு பள்ளிக்கூடத்து மேடைத் திரை. இரண்டு பாதிகள், நிறையக் கொக்குகள். நடுக்கொக்குக்கு மட்டும் தலையும் கழுத்தும் இடப்பாதியில்; இறக்கையும் வாலும் வலப்பாதியில். திரை மூடினால் இரண்டும் சேர்ந்து ஒரே பறவையாகிவிடும். முன்பாதியைத் தைத்து முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பழைய கணினி ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. படங்களை மெக்கானிக் புதுக் கணினிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஆனால் புதுக் கணினியின் திரையில் பென்சில் பட்டாலே நிறம் குளத்துத் தண்ணீர்போல் கலைந்தது. பழைய மானிட்டரின் பதினைந்து ஊசிச் செருகிக்கோ புதுக் கணினியில் வாயே இல்லை. சனிக்கிழமை மேடைத் திரையைக் கொடுத்தாக வேண்டும். வால் ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் கொக்கு இரண்டு துண்டுதான்.

கேபிள் கடைக்காரர் கேட்டார், "எதுலேருந்து எதுக்கு சார்?"

"அதென்ன கேள்வி? எங்க ஆபீஸ்ல கோப்பு மேலே போறதும் கீழே வர்றதும் ஒரே கயித்துலதான்."

கடைக்காரர் வாழ்க்கையில் பல அதிகாரிகளைப் பார்த்தவர். சிக்னலை மாற்றும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

வாங்கிவந்த மாற்றுப்பெட்டி இரு பக்கமும் பொருந்தவில்லை. பொருத்துவதற்கு இன்னும் இரண்டு துண்டுகள் வாங்கினார். மேசைமேல் ஒரு சின்ன ரயில் நின்றது. மானிட்டரைப் போட்டதும் இருண்ட கண்ணாடிக்குள் 'சிக்னல் இல்லை' என்ற கட்டம் மீன்போல் மிதந்துவந்து, ஓரத்தில் முட்டித் திரும்பியது. மூவரும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரிசீலனையில இருக்கு," என்றார் அவர்.

தங்கை பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். மேலே ஒரு சின்ன அம்புக்குறி. "இது பழைய கம்ப்யூட்டரைப் புது டிவில போடுறதுக்கு அத்தான். நமக்கு வேணுங்கிறது இதுக்கு நேர் எதிர்."

"அம்பெல்லாம் கம்பெனிக்காரன் அழகுக்குப் போடுறது."

"அழகு போதுங்க," என்றாள் மனைவி. "சனிக்கிழமைக்குள்ள எனக்கு வால் வேணும்."

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டைவிரலளவில் சரியான பெட்டி வந்து சேர்ந்தது. நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிவிட்டதே என்று யாரும் கேட்பதற்குமுன், அலுவலக நேரம் மட்டுமே கணக்கு என்று அவர் தெளிவுபடுத்தினார். மானிட்டரில் முதலில் வந்த கொக்கு ஒட்டகச்சிவிங்கி உயரத்துக்கு நீண்டிருந்தது. தங்கை திரையின் அளவை மாற்றினாள். பறவை மெல்லத் தன் உடம்புக்குள் வந்து அடங்கியது.

ஜன்னலைச் சாத்தினார்கள். கண்ணாடி சூடேறி, நீல வெளிச்சம் அறை முழுக்கத் தண்ணீராக நிறைந்தது. நூற்கண்டுகள் கூழாங்கற்களாகக் கிடந்தன. மனைவி தாளைக் கிட்டே கொண்டுபோனதும் அது தானே போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அவள் கைமுடிகள் சிலிர்த்து எழுந்தன. முன்பாதியின் பழைய தாளைப் பக்கத்தில் வைத்தாள். கழுத்து முடிந்த இடத்தில் முதுகு தொடங்கியது, மயிரிழை பிசகாமல். அவள் மூச்சை விட்டாள். பென்சில் நகர நகர, ஓர் இறக்கை நிழல் கோப்புப் பிரிவுத் தலைவரின் சட்டைமேல் ஏறி, பொத்தான்களைத் தாண்டிக் காது வழியாகப் பறந்து போயிற்று. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்குச் சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லை.

"அசையாதீங்க," என்றாள் மனைவி. "இப்பதான் பாக்க நல்லா இருக்கீங்க."

வெள்ளிக்கிழமை முழுக்க அக்காவும் தங்கையும் தைத்தார்கள். சனிக்கிழமை காலை திரை பள்ளிக்கூடத்துக்குப் போனது. மாலை விழாவில் மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு அம்புக்குறியின் முக்கியத்துவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். மணி அடித்தது. விளக்குகள் மங்கின. இரண்டு பாதிகளும் தூக்கத்தில் நடப்பதுபோல் ஒன்றையொன்று நோக்கி வந்து, நடுவில் சேர்ந்தன.

பள்ளிக்கூடத்தில் இடப்பாதியை வலப்பக்கத்திலும் வலப்பாதியை இடப்பக்கத்திலும் மாட்டியிருந்தார்கள்.