அக்காவின் நிறம்

பிரிண்டரிலிருந்து எடுத்த படத்தை மாமா, அக்காவின் கணவர், ஒரு முறைதான் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது அவ இல்ல மாப்ள. அவ நிறத்துல ஒண்ணு குடு, போதும்."

காலையில் ஆஸ்பத்திரியில் அக்காவின் இதயம் நின்றுவிட்டது. இப்போது கூடத்தில் படுத்திருக்கிறாள். நாலு மணிக்கு எடுக்க வேண்டும். அதற்குள் தலைமாட்டில் வைக்க ஒரு படம். ஸ்டூடியோக்காரத் தம்பி இருக்கிறான், படத்துக்கா பஞ்சம்?

பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் அவன் அடுத்த படத்தைத் திறந்தான். திறந்த வேகத்தில் விரல்கள் மூன்று பொத்தான்களை அழுத்திவிட்டன. ஆட்டோ டோன். பாழாய்ப்போன பழக்கம், பன்னிரண்டு வருடமாகக் கண் பார்ப்பதற்குள் கை செய்துவிடும். மங்கலாக இருப்பதையெல்லாம் அதுவே இழுத்துப் பளிச்சென்று ஆக்கிவிடும். ஆனால் திரையில் எதுவும் மாறவில்லை. இந்தப் படத்தை எப்போதோ வெளுத்தாயிற்று. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். எல்லாவற்றையும் பழைய படத்தின் மேலேயே சேமித்திருந்தான். இடம் மிச்சம் பிடித்தானாம், மேதாவி.

முதன்முதலில் வெளுக்கச் சொன்னது அம்மாதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம். "முகத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடுடா" என்று நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"உன் மெஷின்லயே தினம் குளிச்சா சோப்புச் செலவு மிச்சம்டா தம்பி."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கேமராவைக் கண்டாலே எழுந்து போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தான். சுவரும் புடவையும் சேர்ந்து இருண்டன. முகம் கரி அப்பியது போலாயிற்று. முகத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் குறைத்தான். எங்கே நிறுத்துவது? அதுதான் தெரியவில்லை.

ஒரு சோதனைப் பிரதியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனான். அக்காவின் கன்னத்தருகே வைத்துப் பார்த்தான். கன்னம் சாம்பல் பூத்திருந்தது. அவள் நிறம் அங்கேயும் இல்லை.

"முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்றாள் பெரியம்மா, அக்காவைப் பார்த்து. அவன் எழுந்து வந்தான்.

மணி இரண்டே முக்கால். மவுஸைப் பிடித்தபடி அழுதான். கதவருகே அம்மா வந்து நின்றது தெரிந்தது.

"அவ நிறம் எனக்கு ஞாபகம் இல்லம்மா. கூடவே வளர்ந்தேன். ஞாபகம் இல்ல."

அம்மா உள்ளே வந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, முன்கையைத் திரையில் இருந்த முகத்தின் பக்கத்தில் நீட்டினாள்.

"அவ பொறந்தப்பவே எல்லாரும் சொன்னாங்க, அப்படியே என் நிறம்னு. இதைப் பார்த்துப் போடு."

அவன் மவுஸை நகர்த்தினான். கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கொஞ்சம் குறைத்து நிறுத்தினான்.

"இன்னும்" என்றாள் அம்மா.

குறைத்தான்.

"பயப்படாம குறைடா. இன்னும் இருக்கு."

நீட்டிய கை கீழே இறங்கத் தொடங்கியது. அம்மா அதை இன்னொரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.