பச்சை விளக்கு எரியும்போது

'நான் ஏன் காத்திருக்கிறேன்? இந்த விளக்கு அணையட்டும் என்று எனக்கு யார் சொன்னது? கரண்ட் போகும்போது யாரையாவது கேட்டுக்கொண்டா போகிறது?'

கையில் பிளக்கைப் பிடித்தபடி அவள் அசையாமல் நின்றாள்.

அண்ணன் நடத்தும் சிறிய தொழிற்கூடத்தில் கருவிகளைக் கொல்வது அவள் வேலை. அண்ணன் உடம்பைச் செய்வார், அண்ணி அதற்கு மூளை எழுதுவாள், கடைசியில், கரண்ட் போனால் தாங்குகிறதா என்று பார்க்க இவள் வந்து பிளக்கைப் பிடுங்குவாள். இவள் படியேறும் சத்தம் கேட்டாலே அண்ணி மேசையைப் பார்த்து, "கண்ணை மூடிக்கோங்கடா செல்லங்களா, கொலைகாரி வந்துட்டா" என்பாள்.

பிடுங்கிப் பிடுங்கி ஒவ்வொன்றின் குணமும் அவளுக்கு அத்துப்படி. மின்விசிறிக்குச் செய்தி மெதுவாகத்தான் எட்டும். போனது தெரியாமல் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நிற்கும். பிரிண்டர் வாயில் காகிதத்தோடு உறைந்துபோகும். உயிர் வந்ததும் ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கும். குளிர்பெட்டி அழுத்தக்காரி, கதவைத் திறக்காதவரை உள்ளே நடப்பதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். மடிக்கணினி திரையைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டு தன்பாட்டுக்கு இருக்கும். மேசைக் கணினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாதி வார்த்தையில் செத்துவிட்டு, எழுந்ததும் தன்னை முறையாக வழியனுப்பவில்லையே என்று அங்கலாய்க்கும். மனிதர்களையும் அவள் மனதுக்குள் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தாள். தான் எந்த ரகம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

இன்று மேசைமேல் இருந்தது, ஊசிமருந்தைச் சிறிது சிறிதாக உடம்புக்குள் செலுத்தும் பம்ப். மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். பேட்டரியும் தீர்ந்த நேரத்தில் கரண்ட் போனால் பம்ப் என்ன செய்யும் என்பதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். திருப்தி என்றால் கையோடு வார்டுக்கு எடுத்துப்போவார். மருந்தின் அளவை மாற்றியதும் பம்ப் அதைத் தன் நினைவில் எழுதிக்கொள்ளும். எழுதும்போது பச்சை விளக்கு எரியும். செத்துப் பிழைத்த பிறகும் அந்த அளவு மறக்கக் கூடாது. வாரக்கணக்கில் சோதித்தாயிற்று, ஒருமுறைகூட மறக்கவில்லை.

எப்படி மறக்கும்? ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்த பிறகுதானே இழுத்தாள். அண்ணனும் அப்படித்தான், அண்ணியும் அப்படித்தான். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை இன்னொருவர் வாய் திறக்காத வீடு அது. அந்த மரியாதையை மூவருமாகச் சேர்ந்து இயந்திரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் படபடப்பும் ஒன்றாக வந்தன.

பேட்டரியைக் கழற்றினாள். இருபதாக இருந்த அளவை ஐந்தாகக் குறைத்தாள். விளக்கு எரிந்தது. இழுத்தாள்.

மறுபடி செருகியதும், இருபது என்றது. சரி, புதியதை எழுதத் தொடங்கும் முன்பே இழுத்திருப்பாள். அடுத்த முறை ஐந்து. மறுபடி இருபதாக்கி, ஐந்தாகக் குறைத்து இழுத்தாள். அப்போதும் ஐந்து. இன்னொரு முறை இருபதிலிருந்து ஐந்தாக்கி, இழுத்துச் செருகினாள்.

இருபத்தைந்து.

அவள் கூப்பிட்ட குரலுக்கு அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்தாள். திரையைப் பார்த்தவள் கையைத் துடைக்கக்கூட மறந்தாள். ஒன்றாம் இடத்தின் இலக்கத்தை முதலில் எழுதி, அப்புறம்தான் பத்தாம் இடத்துக்குப் போகும்படி அவள்தான் அமைத்திருந்தாள். நடுவில் உயிர் போனால், பழைய இரண்டும் புதிய ஐந்தும் ஒட்டிக்கொள்ளும். "அடிப்பாவி, என் பிள்ளைய கையும் களவுமா பிடிச்சிட்டியே" என்றாள். அவள் குரலிலும் துள்ளல். பிறகு இருவரும் பிளக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டு, சிறுமிகள்போல இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். மறுபடியும் இருபத்தைந்து வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது வார்டுக்குப் போயிருந்தால், குறைக்கச் சொன்ன மருந்து கூடுதலாக யாரோ ஒருவரின் நரம்பில் ஏறியிருக்கும். அதை நினைத்து நடுங்காமல் இப்படிக் குதூகலிக்கிறோமே என்று உள்ளே ஒரு குத்தல். ஆனாலும் சந்தோஷம் அடங்கவில்லை. அந்த யாரோ ஒருவரின் கையைத் தக்க நேரத்தில் பிடித்துக்கொண்டதுபோல் இருந்தது.

கீழே டாக்டரம்மாவின் கார் வந்து நின்றது. வேகமாக மேலே வந்த அண்ணனிடம் அண்ணி நடந்ததைச் சொன்னாள். இதைத் திருத்தி எழுத இரண்டு நாளாவது ஆகும் என்றும் சொன்னாள். அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்த டாக்டரம்மாவை வரவழைக்க அவர் நடையாய் நடந்தது தங்கைக்குத் தெரியும். அவள் கேட்டு அவர் எதையும் மறுத்ததில்லை என்பதும் தெரியும்.

"இன்னிக்கு மட்டும் விளக்கு அணைஞ்சப்புறம் இழும்மா" என்றார் தணிந்த குரலில். "இத்தனை நாளா அப்படித்தானே செஞ்சே? புதுசா எதையும் செய்யச் சொல்லலையே."

'இத்தனை நாளாகத் தெரியாமல் செய்தேன்' என்று அவள் மனம் சொன்னது. அண்ணி இவள் முகத்தையே பார்த்தாள். படியில் காலடிச் சத்தம் ஏறிவந்தது.

"இல்லண்ணா" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எரியறப்பதான் இழுப்பேன்."